திருவட்டாறு மாமாவின் எறும்புகள்

போன வாரம் நான் ஆபீசுக்கு வந்திருந்தபோது உங்களில் ஒரு பெண் தன் கணினித் திரையைத் திருப்பிக் காட்டினாள். நம் புது கேமை விளையாடியவர்கள் போட்ட நட்சத்திரங்கள், அவற்றுக்குக் கீழே அவர்கள் எழுதிய கருத்துகள். "டீச்சர், இதுல பாதிப் பேரு சூப்பருன்னு எழுதிருக்கான், பாதிப் பேரு குப்பைன்னு எழுதிருக்கான். யாரை நம்ப?" என்று கேட்டாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. "ரெண்டு பேரையும் நம்பாத மக்கா" என்று சொல்லிவிட்டு ஓடிவந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து யோசித்தால் வெட்கமாக இருந்தது. பதில் தெரியாதவர்கள் தப்பிப்பதற்காகச் சொல்கிற பதில் அது. எனக்கு உண்மையான பதில் தெரியும். ஆனால் அதைச் சொல்ல வேண்டுமென்றால் ஒரு கல்யாணத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆளுக்கொரு சாயா வாங்கிக்கொண்டு உட்காருங்கள்.

என்னைத் தெரியாத புதுப் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. நான் இருபது வருஷத்துக்கு மேல் பள்ளியில் விலங்கியல் நடத்தியவள். கத்திக் கத்தித் தொண்டை கெட்டுப்போய் விருப்ப ஓய்வு வாங்கி வீட்டில் உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் என்னிடம் படித்த ஜெபா வந்தான். இன்று உங்களுக்கெல்லாம் முதலாளி; அன்று பெங்களூரில் நல்ல வேலையை விட்டுவிட்டு வந்து, வடசேரியில் ஒரு ஜவுளிக்கடை மாடியில் அறை எடுத்து, தனியாக எறும்பு கேம் செய்துகொண்டிருந்தவன். கடற்கரைக்காரன். அப்பா வள்ளத்தில் மீன்பிடிக்கப் போகிறவர். "எறும்பு விஷயத்துல அறிவியல் தப்பு வரக்கூடாது டீச்சர், ஒரு மாசம் வந்து பாத்துத் தாங்க" என்றான். ஒரு மாதத்துக்கென்று போனவள் போன வருஷம்தான் வேலையை விட்டேன்.

அந்தக் கேமுக்கு 'சாரை' என்று பெயர். எறும்புகள் சாரை சாரையாகப் போகுமே, அதுதான். திரையில் ஒரு புற்று, தூரத்தில் ஒரு கருப்பட்டித் துண்டு. எறும்புகளைக் கொண்டுபோய்க் கருப்பட்டியில் சேர்க்க வேண்டும். ஆனால் எறும்பைத் தொட்டு நகர்த்த முடியாது. விரலால் தடவினால் மண்ணில் ஒரு மணம் படியும். எறும்பு அந்த மணத்தைப் பிடித்துப் போகும், போகிற வழியில் தானும் மணம் போட்டுக்கொண்டு போகும். கொஞ்ச நேரத்தில் மணம் ஆவியாகிவிடும். நிஜ எறும்பும் இப்படித்தான். ரொம்பத் தடவிவிட்டால் வாசனை குழம்பி, எறும்புகள் வட்டம் வட்டமாகச் சுற்றியே களைத்துவிடும். அதுவும் நிஜம்தான். புள்ளி கிடையாது, நேரக் கணக்கு கிடையாது, எப்படி விளையாடுவது என்று ஒரு எழுத்துகூடத் திரையில் கிடையாது. விளையாடுகிறவர்களே கண்டுபிடிக்க வேண்டும் என்பது ஜெபாவின் பிடிவாதம்.

பிடிவாதம் நல்லதுதான். கண்டுபிடிக்கிற ஆள்தான் கிடைக்கவில்லை.

முதல் தப்பு என்னுடையது. நான் வேலை பார்த்த பள்ளிக்கே இரண்டு டேப்லெட்டோடு போய், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை விளையாட வைத்தோம். ஒரு பையன் எறும்பைப் போட்டுக் குத்திக்கொண்டே இருந்தான். எனக்குப் பொறுக்கவில்லை. "ஏலே, எறும்பைத் தொடாத, மண்ணைத் தடவு" என்று சொல்லிவிட்டேன். உடனே வகுப்பு முழுக்க மண்ணைத் தடவியது. கடைசியில் எல்லோரும் நன்றாக விளையாடினார்கள், எல்லோரும் 'மிகவும் அருமை' என்று எழுதிக் கொடுத்தார்கள். நான் சந்தோஷமாகத் தாள்களை அடுக்கிக்கொண்டு படியிறங்கினால், ஜெபா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நிற்கிறான்.

"டீச்சர், இந்தத் தாளெல்லாம் வெறும் சவறு, குப்பையிலதான் போடணும்."

"ஏன், பிள்ளைகளுக்குப் பிடிச்சிருக்குல்லா?"

"பிள்ளைகளுக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. நீங்க விடையைச் சொல்லிக் குடுத்தாச்சு. வாயை மூடிட்டு நிக்க உங்களால முடியாதா?"

என்னிடம் படித்த பயல், என்னைப் பார்த்து வாயை மூடு என்கிறான். எனக்கு வந்த கோபத்துக்கு அன்று அவன் தப்பித்ததே பெரிய காரியம். ஆனால் ராத்திரி முழுக்க யோசித்துப் பார்த்தேன். அவன் சொன்னது சரிதான். விளையாடுகிறவனின் தோளுக்குப் பின்னால் நின்று வாயைத் திறக்காமல் இருப்பதுதான் நம் தொழிலில் பாதி. விரல் தப்பான இடத்துக்குப் போகும். நம் நாக்கு துடிக்கும். கடித்துக்கொண்டு நிற்க வேண்டும். இருபது வருஷம் வாயால் பிழைத்தவளுக்கு அது லேசில் வரவில்லை.

பள்ளியை விட்டுச் சொந்தக்காரர்களிடமும் தெரிந்தவர்களிடமும் போனோம். நம் ஊர்க்காரர்களைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டாம். வீட்டுக்கு வந்த மனுஷனிடம் முகம் கோணப் பேச மாட்டார்கள். மூன்று நிமிஷம் தடவிப் பார்ப்பார்கள். எறும்பு வட்டம் சுற்றும். "கொள்ளாம், நல்லா இருக்கு" என்று சொல்லி டேப்லெட்டைப் பத்திரமாகத் திருப்பித் தந்துவிட்டு, எண்ணெயில் வறுத்த ஏத்தங்காய் உப்பேரியை எடுத்து நீட்டுவார்கள். உப்பேரி தின்று தின்று எனக்கு எடை கூடியதுதான் மிச்சம். ஒருத்தர்கூட எறும்பின் சூட்சுமத்தைப் பிடிக்கவில்லை, ஒருத்தர்கூடப் பிடிக்கவில்லை என்று சொல்லவும் இல்லை.

இந்த நிலைமையில் சென்னையிலிருந்து போன் வந்தது. கேம்களை வாங்கி வெளியிடுகிற ஒரு கம்பெனி. 'சாரை' அவர்களுக்குப் பிடித்திருந்தது. ஆனால் எறும்பைத் தொட்டால் அது சொன்ன இடத்துக்குப் போக வேண்டும், ஒவ்வொரு கட்டத்துக்கும் நட்சத்திரம் வேண்டும். சம்மதம் என்றால் திங்கட்கிழமை காலை பத்து மணிக்குள் சொல்ல வேண்டும்.

ஜெபாவின் அம்மா ஏற்கெனவே மஸ்கட்டில் இருக்கும் தன் தம்பியிடம் சொல்லி அவனுக்கு விசாவுக்கு ஏற்பாடு செய்திருந்தார். இதுவும் இல்லையென்றால் பிளேன் ஏற வேண்டியதுதான். சாயங்காலம் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டு சொன்னான்.

"சரின்னு சொல்லிரலாம் டீச்சர். யாருக்கும் புரியாத்த ஒண்ணை வச்சுட்டு ரெண்டு வருஷமா நான் என்னத்துக்கு மாரடிக்கேன்?"

"தொட்டா போற எறும்பு எறும்பா மக்கா? அதுக்கு நீ பொம்மைக் கார் ஓட்டுற கேம் செய்யலாம்."

"எனக்குத் தெரியாதா? ஆனா ஒரு ஆளு... ஒரே ஒரு ஆளு, யாரும் ஒரு வார்த்தை சொல்லாம, தானா கண்டுபிடிச்சா நான் மெட்ராசுக்கு மாட்டேன்னு சொல்லிருவேன். அந்த ஒரு ஆளை எங்க போய்த் தேட?"

அப்போதுதான் எனக்குச் சட்டென்று ஞாபகம் வந்தது: ஞாயிற்றுக்கிழமை பூதப்பாண்டியில் என் அண்ணன் மகள் கல்யாணம். நம் ஊர்க் கல்யாணத்தில் தாலிகட்டு முடிந்து முதல் பந்திக்கு இலை போடுகிற வரைக்கும் ஒரு நேரம் இருக்கிறது பாருங்கள், அதைப்போல வெட்டி நேரம் உலகத்தில் கிடையாது. மண்டபம் நிறைய ஜனம், அத்தனை பேருக்கும் பசி, ஒருத்தருக்கும் வேலை இல்லை.

"ஞாயித்துக்கிழமை சாயந்திரம் வரைக்கும் பொறு. கல்யாணத்துக்கு வா. டேப்லெட்டுக்குச் சார்ஜ் போட்டு முன்னாலயே என்கிட்ட தந்துரு" என்றேன்.

பெண்ணுக்கு அத்தை நான். எனக்கு ஆயிரம் வேலை. பட்டுப்புடவைப் பையின் அடியில் டேப்லெட்டை ஒளித்துக்கொண்டு போனேன். கெட்டிமேளம் அடித்து, தாலி ஏறி, அட்சதையெல்லாம் போட்டு முடிந்ததும் அதை எடுத்து நடு வரிசையில் ஒரு காலி நாற்காலியில் வைத்துவிட்டு, தூணோரம் போய் நின்றுகொண்டேன். ஜெபா எதிர்த் தூணில். ஒரு குட்டிப் பெண் எடுத்தாள், தடவினாள், போட்டாள். கல்லூரிப் பையன் ஒருவன் எடுத்தான், இரண்டு நிமிஷம் குத்தினான், போட்டுவிட்டுச் செல்பி எடுக்கப் போனான். கழுத்து நிறைய நகை போட்ட ஒரு அம்மா எடுத்து, முகம் பார்த்துப் பொட்டைச் சரிசெய்துவிட்டு வைத்துவிட்டாள். ஜெபா என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான்.

நான்காவதாக அதை எடுத்தவரைப் பார்த்ததும் தூணுக்குப் பின்னால் ஒதுங்கினேன். திருவட்டாறு மாமா. மாப்பிள்ளைக்குத் தாய்மாமன், ரப்பர் ஷீட் வியாபாரி. சம்பந்தம் பேசிய நாளிலிருந்து எங்கள் வீடு முழுக்க இந்த ஒரு மனுஷனை நினைத்துத்தான் பயந்துகொண்டிருந்தது. யார்மேலாவது வருத்தப்பட்டுச் சடவு பிடித்தால் லேசில் இறங்காதவர். ஒரு கல்யாணத்தில் தன் இலையில் மட்டும் பப்படம் உடைந்து விழுந்தது என்று பாதியில் எழுந்து கைகழுவிப் போனவர். அவரைக் கவனித்துக்கொள்ள மட்டும் அண்ணன் இரண்டு பேரை நியமித்திருந்தான்.

மாமா கயிற்றில் தொங்கிய கண்ணாடியை மூக்கில் மாட்டினார். தடவினார். எறும்பு வந்தது. தலையை ஆட்டிக்கொண்டு இன்னும் தடவினார். திரையில் வெளிச்சம் அடித்ததோ, நாதசுரச் சத்தம் தொந்தரவாக இருந்ததோ, டேப்லெட்டோடு எழுந்து மண்டபத்தின் பின்பக்கம் போய்விட்டார். பின்னால் கைகழுவுகிற இடத்துக்கும் அப்பால் ஒரு சின்ன வராந்தா. அங்கே அடுக்கிக் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஒன்றை இழுத்துப்போட்டு உட்கார்ந்துகொண்டார். நானும் ஜெபாவும் பதுங்கிப் பதுங்கிப் போய் அந்த நாற்காலி அடுக்குக்குப் பின்னால் நின்றோம்.

"ஏலே, எங்க போறிய? இஞ்ச வா, இஞ்ச வா." எறும்பிடம் பேசுகிறார். கை நிற்கவில்லை. நீளமாக ஒரு கோடு, அதன்மேல் இன்னொரு கோடு. எறும்புகள் குழம்பி வட்டம் போட ஆரம்பித்தன. "சரிதான், கோட்டி பிடிச்சுட்டு எல்லாத்துக்கும்!" என்றார். எல்லோரும் இந்த இடத்தில்தான் வைத்துவிடுவார்கள். இவர் வைக்கவில்லை. முதலிலிருந்து ஆரம்பித்தார். திரும்பவும் வட்டம். திரும்பவும் முதலிலிருந்து.

உள்ளே இலை போட ஆரம்பித்த சத்தம் கேட்டது. முதல் பந்தி மாப்பிள்ளை வீட்டாருக்கு. மாமாவுக்கு நடு வரிசையில் இடம். உப்பு, நார்த்தங்காய், இஞ்சி, உப்பேரி எல்லாம் வைத்தாயிற்று. மாமா இலை மட்டும் காலி.

அவ்வளவுதான், மண்டபம் பற்றிக்கொண்டது. மாமா உட்காராமல் நாங்கள் எப்படி உட்காருவோம் என்று மாப்பிள்ளை வீட்டார் எழுந்து நிற்கிறார்கள். மாமாவுக்கு என்னவோ சடவு, கோபித்துக்கொண்டு பின்பக்கம் போய்த் தனியாக உட்கார்ந்திருக்கிறார் என்று செய்தி பரவிவிட்டது. என்ன சடவு? பன்னீர் தெளிக்கிற பெண் அவரை விட்டுவிட்டாள் என்றார் ஒருவர். கார் தாமதமாக அனுப்பினீர்கள் என்றார் இன்னொருவர். அழைப்பிதழில் அவர் பெயருக்கு முன்னால் 'திரு' விட்டுப்போயிற்று என்று ஒருத்தி கண்டுபிடித்துக் கொண்டுவந்தாள். நிஜமாகவே விட்டுப்போயிருந்தது.

அண்ணன் பதறி, வெப்ராளம் பிடித்து ஓடிவந்தான். மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, கையில் வெற்றிலைத் தாம்பாளம், பின்னால் அவன் மனைவி, என் மைனி, அவளுக்குப் பின்னால் ஏழெட்டுப் பேர். மாமாவுக்கு முன்னால் வந்து நின்று கும்பிட்டான்.

"மாமா, என்ன தப்பு நடந்திருந்தாலும் எங்களைப் பொறுத்துக்கிடணும். இலை போட்டாச்சு. ஒரு வார்த்தை சொல்லணும்."

மாமா நிமிரவே இல்லை. இடது கையை மட்டும் உயர்த்தி, "செத்த இரும்" என்றார்.

மன்னிப்பையே வாங்க மாட்டேன் என்கிறார் என்று நினைத்து மைனி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தாள். அப்போதுதான் அண்ணன் நாற்காலி அடுக்குக்குப் பின்னால் நிற்கிற என்னைப் பார்த்தான். கையைப் பிடித்து ஓரமாக இழுத்துக்கொண்டு போனான்.

"ஏட்டி, நீ டீச்சருல்லா, உனக்குப் பேசத் தெரியும். என்ன வேணும்னு கேளு. நான் காலுல விழச் சொன்னாலும் விழுதேன்."

பிள்ளைகளே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். உங்களுக்கும் இப்படி ஒரு நேரம் வரும், வேறு உருவத்தில். எனக்கு விஷயம் தெரியும். "அண்ணா, அவருக்குச் சடவும் இல்லை ஒண்ணும் இல்லை, கேம் விளையாடுகிறார்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லோருக்கும் உயிர் வந்துவிடும். சொன்னால் எல்லோரும் போய் அவரை மொய்த்துக்கொள்வார்கள், அவர் வெட்கப்பட்டு டேப்லெட்டைக் கீழே வைத்துவிடுவார், அதோடு முடிந்தது. திரும்பிப் பார்த்தேன். ஜெபா நாற்காலிக் காலைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். கடைசி ஆள் இவர்தான், இனி நாளை காலை மட்டும்தான் பாக்கி என்று அவன் முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது. இந்தப் பக்கம் கூடப்பிறந்தவன், அவன் மகளுக்கு நல்ல நாள்.

என் வாய் தானாகச் சொன்னது: "அண்ணா, பத்து நிமிஷம். ஒருத்தரும் இந்தப் பக்கம் வராண்டாம். நான் பாத்துக்கிடுதேன். மத்தவங்களை இருக்கச் சொல்லிப் பந்தியைத் தொடங்கு, சோறு ஆறிரும்."

"மாமா இல்லாமலா?"

"மாமா இல்லாம."

அண்ணன் என்னைப் பைத்தியம் மாதிரி பார்த்தான். ஆனால் போனான். மாப்பிள்ளையின் அப்பாவைக் கெஞ்சிக் கூத்தாடி உட்காரவைத்து, காலி இலையை நடுவில் வைத்துக்கொண்டே முதல் பந்தி நடந்தது. திருவட்டாறு மாமா இல்லாத முதல் பந்தி. நான் செய்தது சரியா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

ஒன்பதாவது தடவையோ பத்தாவது தடவையோ எறும்புகள் வட்டத்தில் மாட்டின. மாமாவுக்கு வியர்த்துவிட்டது. டேப்லெட்டை மடியில் வைத்து, கண்ணாடியைக் கழற்றி, தோளில் கிடந்த நேரியதின் நுனியால் துடைத்தார். நன்றாக ஊதி ஊதித் துடைத்தார். அந்த நேரம் முழுக்க விரல் திரையில் படவில்லை. பழைய மணமெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக அழிந்தது. வட்டம் உடைந்தது. ஒரு எறும்பு தனியாக அலைந்து கருப்பட்டியை முட்டியது, திரும்பி வந்தது, அதன் வாசனையைப் பிடித்து இரண்டு, அப்புறம் நாலு, அப்புறம் ஒரு சாரை. மாமா கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார்.

"அட!"

ஜெபா என் கையைப் பிடித்தான். நான் நாக்கைக் கடித்தேன். சும்மா சொல்லவில்லை, நிஜமாகக் கடித்தேன், இரண்டு நாள் காரம் தின்ன முடியவில்லை.

தற்செயலாக நடந்ததைக் கணக்கில் எடுக்க முடியாது. அவருக்குப் புரிந்ததா என்பதுதான் கேள்வி. மாமா கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அதைத் திரும்ப முதலிலிருந்து தொடங்கினார். புற்று வாயில் விரலால் இரண்டே இரண்டு தொடல். அவ்வளவுதான். இரண்டு கையையும் எடுத்துப் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி மடியில் கட்டி வைத்துக்கொண்டார். எறும்புகள் புறப்பட்டன. "போங்கோ, போங்கோ, நான் ஒண்ணும் செய்யல்ல" என்றார். சாரை கருப்பட்டியைத் தொட்டது. ரப்பர் வியாபாரத்தில் எதற்கும் சிரிக்காத மனுஷன் தோள் குலுங்கச் சிரித்தார், தனியாக உட்கார்ந்துகொண்டு, அவ்வளவு சந்தோஷமாக.

அதன் பிறகு அடுத்த கட்டம், அதற்கடுத்த கட்டம். என் பத்து நிமிஷம் எப்போதோ முடிந்திருந்தது. உள்ளே முதல் பந்தி எழுந்து கைகழுவ வருகிற சத்தம். இனிமேல் தாங்காது. முன்னால் போய் நின்றேன்.

"மாமா, சாப்பிட வாருங்கோ."

"இலை போட்டாச்சா?"

"முதல் பந்தியே எழும்பியாச்சு மாமா."

டேப்லெட் அவர் கையிலிருந்து நழுவப் பார்த்தது. "எனக்க இலை?" என்றார். "காலியாட்டு கிடந்துது" என்றேன். அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். எழுந்தார், வேட்டியைச் சரிசெய்தார், டேப்லெட்டை என்னிடம் தந்துவிட்டு யார் முகத்தையும் பார்க்காமல் உள்ளே நடந்தார். ஜனம் இரண்டு பக்கமும் விலகி வழிவிட்டது. மனுஷன் இன்னும் சடவில்தான் இருக்கிறார் என்று எல்லோருக்கும் உறுதியாகிவிட்டது.

இரண்டாம் பந்தியில், ஊர்க்காரர்களோடு ஊர்க்காரராக உட்கார்ந்தார். ஜெபாவுக்கு அவருக்கு எதிர் வரிசையில் இலை. பருப்பை அண்ணனே தூக்கிக்கொண்டு வந்து விளம்பினான், நெய்யையும் அவனே ஊற்றினான். பப்படத்தைத் தேடி உடையாததாக எடுத்து வைத்தான். பிறகு கரண்டியோடு கையைக் குவித்துக்கொண்டு நின்றான்.

"மாமா, மனசுல வச்சிராதீங்கோ. என்ன குறைன்னு நாலு பேருக்கு முன்னால சொல்லிருங்கோ. நான் சரி செய்யுதேன்."

பந்தி முழுக்க மெல்லுவதை நிறுத்தியது. சாம்பார் வாளிக்காரர் நின்ற இடத்திலேயே நின்றார்.

மாமா பருப்பைப் பிசைந்தார். "குறை உண்டு" என்றார்.

மைனி சுவரில் சாய்ந்துவிட்டாள்.

"அந்தத் தண்ணி சொட்டுற எடம் இருக்குல்லா? அதுக்கு அங்கோடி இன்னொரு கருப்பட்டி தெரியுது. சொட்டுத் தண்ணி விழுந்து வழி அழிஞ்சு, அதுகளாட்டு வேற வழி கண்டுபிடிச்சு, பைய பைய அங்க போய்ச் சேந்து எத்துற நேரமாக்கும். அந்த நேரம் பாத்து உம்ம தங்கச்சி வந்து சாப்பிடக் கூப்பிடுதா. ஒரு அஞ்சு நிமிஷம் பொறுத்தா என்னவாம்?"

"எதுக எத்துற நேரம் மாமா?" என்றான் அண்ணன்.

"எறும்பு."

அண்ணன் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தான். ஓணம் வரைக்கும் அவன் என்னிடம் பேசவில்லை. ஆனால் எதிர் வரிசையில் ஜெபா சோற்றுக்கையோடு குனிந்து உட்கார்ந்து சிரிக்கிறான், கண்ணீர் பருப்புச் சோற்றில் சொட்டுகிறது. மாப்பிள்ளையின் அப்பா முதலில் ஒரு கனைப்புக் கனைத்தார், பிறகு அவராலும் அடக்க முடியவில்லை. கடைசியில் பந்தி முழுக்கச் சிரித்தது. மைனிகூட அழுதுகொண்டே சிரித்தாள். மாமா மட்டும் சிரிக்காமல், "இதுல சிரிக்க என்னவே இருக்கு? புளிசேரி கொண்டா" என்றார்.

இப்போது அந்தப் பெண் கேட்ட கேள்விக்கு வருகிறேன். சூப்பர் என்று எழுதுகிறவன் மரியாதைக்கு எழுதலாம். குப்பை என்று எழுதுகிறவன் வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்து எழுதலாம். அவர்கள் எழுதுவதைப் படியுங்கள், படிக்காமல் விட்டுவிடாதீர்கள். நான் பத்து வருஷம் அதைத்தான் படித்தேன். ஆனால் அந்த நேரத்தில் அவர்களுக்கு முன்னால் வேறு என்ன இருந்தது, அதை விட்டுவிட்டு இதை எடுத்தார்களா என்று பாருங்கள். திட்டுகிறவன் குறையைச் சொல்லும்போது அவன் கேமின் எவ்வளவு உள்ளே போய் நின்றுகொண்டு சொல்கிறான் என்று பாருங்கள். தண்ணீர் சொட்டுகிற இடம் வரைக்கும் போனவன் திட்டினால் ஓடிப்போய்க் கேளுங்கள். அப்புறம், பார்க்கிற நேரத்தில் தயவுசெய்து வாயை மூடிக்கொள்ளுங்கள். என்னாலேயே முடிந்தது.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்குச் சென்னைப் போன் வந்தது. ஜெபா அதை மேஜைமேல் வைத்து எனக்கும் கேட்கும்படி செய்தான்.

"எறும்பைத் தொட்டு ஓட்டுறது எங்களால முடியாது சார். இப்ப இருக்கமாதிரிதான் இருக்கும். மன்னிச்சிருங்க."

அந்தப் பக்கம் இருந்த ஆள் பொறுமையாகக் கேட்டார். "தம்பி, இது பெரிய முடிவு. எத்தனை பேரிடம் டெஸ்ட் செய்து பார்த்துவிட்டுச் சொல்கிறீர்கள்?"

"விளங்கிக்கிட்டது ஒரு ஆளு சார்."

"ஒரே ஒரு ஆளா?"

ஜெபா என்னைப் பார்த்துச் சிரித்தான்.

"ஒரு ஆளுதான் சார். ஆனா, மாப்பிள்ளைக்குத் தாய்மாமன். முதல் பந்தியை விட்டாராக்கும்."